ரூஷா சித்தியின் அக்கா மகள்

"ஏழு வருஷமா வாடகையே குடுக்கல. அப்படியும் சேத்தது இவ்வளவுதானா?"

வங்கியின் கடன் மேசையில் இருந்த நீவெஸ் இப்படிக் கேட்டதும் திஹானாவுக்குக் காது சிவந்தது. முகவரிச் சான்றாக மேசைமேல் கிடந்த கடிதம் வீட்டுக்காரி ரூஷா எழுதித் தந்தது: 'திஹானா என் அக்கா மகள். ஏழு வருடமாக என் வீட்டு மாடியில் இலவசமாகத் தங்கியிருக்கிறாள்.'

ரூஷாவுக்கு அக்காவே கிடையாது. வரித்துறைக்குத் தெரியாமல் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு ஸாக்ரெப் நகரில் இப்படி நிறைய அக்கா மகள்கள் உண்டு. குடிவந்த அன்றே ரூஷா பாடம் சொல்லிவிட்டாள். திஹானாவும் பிசகாமல் நடித்தாள். கல்லறைத் திருநாளுக்கு, பார்த்தே இராத சித்தப்பாவுக்குச் சாமந்திப்பூ சுமந்தாள். அந்த இல்லாத அக்காவின் மூட்டுவலியைப் பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தால், இப்போது தேவலை என்பாள்.

நீவெஸ் கணக்குத் தாள்களைப் புரட்டினாள். மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி மொத்தமாகப் பணம் எடுத்திருக்கிறீர்களே, பந்தயம் கட்டும் கடைக்குப் போகிற பழக்கம் உண்டா என்று மரியாதையாகவே கேட்டாள்.

திஹானா கடன் கேட்டது ஊரின் கடைக்கோடியில் ஓர் ஒற்றை அறை வீடு வாங்க. விற்கிறவர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்றிருந்தார். அன்று செவ்வாய்.

மாலையே ரூஷாவிடம் கெஞ்சி இன்னொரு கடிதம் வாங்கினாள். வாடகை என்ற சொல்லை எழுத ரூஷாவுக்குக் கை வரவில்லை. 'சித்தியின் செலவுக்குப் பிரியத்தோடு மாதாமாதம் பணம் தருகிறாள்' என்று முடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை நீவெஸ் அதை இரண்டு தடவை படித்தாள். "நல்ல மனசு உங்களுக்கு. ஆனா வயசான சித்தியை நீங்கதான் பாத்துக்கிறீங்கன்னா, அந்தச் செலவைக் கழிச்சுத்தான் கடன் தருவோம், பாதியாக் குறையுமே."

மூன்றாவது கடிதம் கேட்கப் போனபோது ரூஷா சங்கிலியை விலக்காமல் கதவைத் திறந்தாள்.

"எழுத வச்சு எழுத வச்சு என்னை வரி ஆபீஸ் வாசல்ல நிறுத்திருவ போலிருக்கே, பொண்ணே. மாசக் கடைசியில காலி பண்ணிரு. பக்கத்து வீட்டுல கேட்டா உனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை திஹானா எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். சித்தியும் பொய், பிரியமும் பொய், பந்தயமும் கிடையாது, அத்தனையும் வாடகை. இப்போது குடியிருக்கும் மாடியும் போகிறது என்றாள். நீவெஸ் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, வங்கிக்குப் பொய்க் கடிதம் கொடுத்தவருக்குக் கடன் தர விதியில் இடமில்லை என்று சொல்லிக் கோப்பை மூடினாள்.

திஹானா எழுந்தாள். நீவெஸ் மேலாளரின் கண்ணாடி அறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்க மூணு பேர் ஒரே ரூம்ல வாடகைக்கு இருக்கோம். நீங்க காலி பண்றப்ப... உங்க சித்திக்கு இன்னொரு அக்கா மகள், நான் ஒருத்தி இருக்கேன்னு கொஞ்சம் சொல்லி வைக்கிறீங்களா?"