பத்தொன்பது உணர்ச்சிகள்

எட்டு மாதத்தில் பன்னிரண்டு கிலோ குறைத்தவன் நான். மாடிப்படி ஏறினால் முழங்கால் முனகுவது நின்றுவிட்டது. பேண்ட்டுகளையெல்லாம் தையல்காரர் பிடித்துக் கொடுத்துவிட்டார். இனி எடை ஏறினால் போட்டுக்கொள்ளத் துணி கிடையாது.

ஏறத்தான் ஆரம்பித்தது.

என் வேலை அப்படி. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஊரே போனில் என்னைத் திட்டும். நான் யாரையும் திட்ட முடியாது. வாங்கியதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து பிஸ்கட் டப்பாவிடம் முறையிடுவேன். அது குறுக்கே பேசாது. ஒரே மாதத்தில் இரண்டு கிலோ.

உணவு ஆலோசகர் என் தட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மனசைப் பற்றிக் கேட்டார்.

"உங்களுக்கு வர்றது பசி இல்ல சார். கோபம், வருத்தம், பயம். ஒரு நோட்டுப் போடுங்க. சாப்பிடத் தோணும்போது என்ன உணர்ச்சி, யாரால வந்துச்சுன்னு எழுதுங்க. சனிக்கிழமை பார்க்கலாம்."

அந்த 'யாரால'வில்தான் எனக்கு யோசனை பிறந்தது.

என் மனைவி கணக்கு டீச்சர். கண்ணில் படும் எந்த நோட்டையும் படிக்காமல் விடமாட்டாள். சாப்பாட்டு மேசையில் நோட்டைத் திறந்தே வைத்தேன். ஆபீஸைப் பற்றி அதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

திங்கள்: 'ஜன்னலைத் துடைக்கச் சொன்னாள். மன உளைச்சல். பிஸ்கட் நான்கு.'

செவ்வாய்: 'துணி மடிக்கச் சொன்னாள். ஆழ்ந்த துயறம். கேக் ஒரு துண்டு.'

புதன்: 'என் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். கோபம். மீதிக் கேக்.'

அன்று மாலை அவளே பேச்சை எடுத்தாள்.

"நோட்டைப் பார்த்தேன்."

"அது என் சொந்த நோட்டாச்சே."

"துயரத்துக்குச் சின்ன 'ர' போடணும். திருத்திட்டேன்."

"விஷயத்தைப் படிச்சியா?"

"படிச்சேன். இனிமே உங்ககிட்ட ஒரு வேலையும் சொல்லலைங்க."

சொன்னபடியே சொல்லவில்லை. நான் விடவில்லை. வியாழன்: 'ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்த்தாள்.'

சனிக்கிழமை அவளும் கூட வந்தாள். ஆலோசகர் பக்கங்களைப் புரட்டி எண்ணினார்.

"ஒரு வாரத்துல பத்தொன்பது தடவையா?"

"கொஞ்சம் இளகின மனசு மேடம்," என்றேன்.

"தப்பு என் மேலதான் மேடம்," என்றாள் மனைவி. "இவர் பொய் எழுத மாட்டார். அந்த நேரத்துல பிஸ்கட்டுக்குப் பதிலா என்ன செய்யலாம்?"

"கைக்கு ஒரு வேலை கொடுக்கணும். பத்து நிமிஷத்துல ஆசை அடங்கிடும்."

"கை ஈரமா இருந்தா?"

"ரொம்ப நல்லது. ஈரக் கை டப்பாகிட்டப் போகாது."

"சோப்பும் இருந்தா?"

"இன்னும் நல்லது."

அதைத் தாளில் எழுதியே வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் ஏறியதும் கணக்குப் போட்டாள்.

"பத்தொன்பது உணர்ச்சி, பத்துப் பத்து நிமிஷம். வாரத்துக்கு மூணு மணி பத்து நிமிஷம். நம்ம வீட்டுப் பாத்திரத்துக்குச் சரியா வரும்."

மூன்று வாரமாகத் தேய்க்கிறேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன புதன்கிழமை ஒரு பெரியவர் போனில் அழுதுவிட்டார். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லையாம், வீட்டில் மனைவி படுத்த படுக்கையாம். என்னால் முடிந்தது, புகார் எண் கொடுப்பது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் நின்றேன். தட்டுகளைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு துணியை எடுத்துவந்து, நான் கழுவியதை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். அன்று டப்பா ஞாபகமே வரவில்லை. ஏறிய இரண்டு கிலோவும் இறங்கிவிட்டது.

இருந்தாலும் எனக்கும் சுயமரியாதை உண்டே. உணர்ச்சி இருந்தால்தானே பாத்திரம்? நேற்று மாலை சிரித்த முகத்தோடு உள்ளே நுழைந்தேன்.

"இன்னைக்கு மனசு எப்படிங்க இருக்கு?"

"கோபம் இல்ல, வருத்தம் இல்ல. பரம சந்தோஷமா இருக்கேன்."

"சந்தோஷமும் உணர்ச்சிதாங்க. அடிப்பிடிச்ச பாத்திரம் ஒண்ணு ஊறிட்டிருக்கு."