அட்டைப்பெட்டி மறைப்புக்குள் ஒரு யானை

கோபக்காரனுக்குப் புத்திமதி சொல்லாதீர்கள். ஒரு மூலையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், போதும். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில், ஒற்றை அறையில் ஆறு பேர் கிடந்தோம். ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவன் எழுந்த பாயின் சூடு ஆறும் முன் அடுத்தவன் வந்து விழுவான். என் சோப்பில் யாருடைய முடியோ, என் தலையணையில் யாருடைய எண்ணெயோ! (எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.)

கடைசியில், கம்பெனியில் கழித்துப்போட்ட பெரிய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, மூலையில் ஓர் ஆள் படுக்குமளவு மறைப்புக் கட்டினேன். உள்ளே புதுப் பாய், சின்ன மேசை விசிறி, காலண்டரில் கிழித்த அருவிப் படம். சூப்பர்வைசர் எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும், அந்த அருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தால் அவர் மண்டையை உடைக்கும் திட்டத்தைத் தள்ளிவைத்துவிடுவேன். வேலையை விடாமல் இருந்ததும், கல்யாணத்துக்குத் தலையாட்டியதும் அதற்குள் உட்கார்ந்து எடுத்த முடிவுகள்தான்.

பெண் தேன்கனிக்கோட்டைப் பக்கம். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மிஷின் நின்றுபோனதற்கு, அதைத் தொடவே தொடாத என்னை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார் சூப்பர்வைசர். காலை ஷிப்ட் முடிந்ததும் அருவியை நினைத்துக்கொண்டே அறைக்கு ஓடினேன். என் மறைப்புக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே குறட்டை.

எங்கள் ஆறு பேரில் அந்த வாரம் ராத்திரி ஷிப்ட் செல்வத்துக்கு. பகலில் அறையில் தூங்குபவன் அவன் ஒருவன்தான். 'என் மூலையில் படுத்தால் கொலை விழும்' என்று முந்தின நாள்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். எனக்குக் கண்மண் தெரியவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி, துண்டு போர்த்திய அந்தத் தலையில் அப்படியே கவிழ்த்தேன்.

"யானை! யானை வந்துருச்சு! தட்டை அடிங்கடா!"

அலறிக்கொண்டு எழுந்தவர் நரைத்த மீசைக்காரர். அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்து, என் சோற்றுத் தட்டைக் கரண்டியால் டமடமவென்று அடித்தபடி தெருவுக்கே ஓடினார். கன்னடத்திலும் தெலுங்கிலும் விசாரித்துக்கொண்டு தெருவே கூடிவிட்டது.

டீ வாங்கப் போயிருந்த செல்வம் ஓடிவந்தான். "அடப்பாவி! பொண்ணோட அப்பாடா! சொல்லாம வந்தாத்தான் பையன் லட்சணம் தெரியும்னு இன்னிக்கே வந்துட்டாரு. ராத்திரியெல்லாம் ராகிக் கொல்லையில தட்டை அடிச்சு யானை விரட்டுற காவலாம். கண்ணு சொருகுதுன்னாரு, நான்தான் உன் மூலையில படுக்கச் சொன்னேன்!"

கல்யாணம் அவ்வளவுதான் என்று அவர் காலில் விழுந்தேன். அவர் மீசையிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுச் செல்வத்திடம் சொன்னார்: "பையன் கோவக்காரன்தான். ஆனா படுத்ததுதான் தெரியும், தூங்கிட்டேன்பா. காவலுக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து இப்படித் தூங்கினதே இல்ல. இந்த மாதிரி ஒரு எடம் பண்ணத் தெரிஞ்சவன் எம்பொண்ண நல்லா வெச்சுக்குவான்."

இப்போது பாகலூர் சாலையில் சொந்த வீடு. எனக்கென்றே ஒரு சின்ன அறையும் கட்டினேன். காவல் முடிந்த கையோடு மாமனார் பஸ் ஏறி வந்து அதில் படுத்துவிடுகிறார். வேறெங்கும் அவருக்குத் தூக்கம் வராதாம்! எரிச்சலில் நான் குரலை உயர்த்தினால் போதும், சமையலறையில் மனைவியும் மகளும் தட்டை அடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். உள்ளேயிருந்து அவர் சிரிக்கிறார். நிம்மதியாகக் கோபப்படக்கூட இந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் கிடையாது.