திருமூர்த்தி வீட்டுக் கணப்பு

அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊர் டவுன்ஹவுஸின் ஹாலில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாத புகை. ஸ்மோக் அலாரம் அலறிக்கொண்டிருந்தது. திருமூர்த்தி சோபா குஷனால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொன்னேன், கேஸ் ஃபயர்பிளேஸா மாத்திடலாம்னு" என்றாள் அவர் மனைவி விசாலாக்ஷி, துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி.

"விறகு எரிஞ்சாதான் நெருப்பு. கேஸ் எல்லாம் சமையலுக்கு."

தொண்ணூற்றாறு ஜனவரிக் குளிருக்கு ஹீட்டர் மட்டும் போதவில்லை. அதனால்தான் இந்தக் கணப்பு. புகைபோக்கியின் மூடியைத் திறக்காமலே பற்றவைத்திருக்கிறார் என்பது, ஃபயர் என்ஜின் ஆட்கள் வந்து திறந்து காட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

மறுநாள் மூடியைத் திறந்துவைத்து எரித்தார். புகை ஒழுங்காக மேலே போனது. கூடவே வீட்டிலிருந்த சூடும் போனது. பெட்ரூமில் பற்கள் தந்தியடித்தன.

"கட்டை ஈரம். அதான்" என்று நன்றாகக் காய்ந்த கட்டைகளாகப் பார்த்து வாங்கிவந்தார். அவற்றோடு கறுப்பு எறும்புகளும் வந்து, சர்க்கரை டப்பாவில் குடியேறின.

"சரி, உன் இஷ்டப்படியே கேஸ் போட்டுடலாம்" என்றார், பெரிய மனது பண்ணி.

கேஸ் வந்தது. பட்டனை அழுத்தினால் பீங்கான் கட்டைகளுக்கு நடுவே அழகான மஞ்சள் ஜுவாலை. பார்க்கலாம், குளிர்காய முடியாது. கேட்டு வாங்கியவள் ஆயிற்றே, விசாலாக்ஷி கோட்டும் கையுறையுமாக அதன் எதிரே உட்கார்ந்து டீவி பார்த்தாள்.

"குளிருதா?"

"இல்லையே. இதமா இருக்கு."

"அப்ப க்ளவுஸ் எதுக்கு?"

"ஸ்கின் டிரை ஆகுது."

திருமூர்த்தி தன் கோட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் ஸ்கின் டிரை ஆகியிருந்தது.

அழைப்பு மணி அடித்தது. ஒட்டினாற்போலிருக்கும் அடுத்த வீட்டு சாந்தாமணி, மெல்லிய பருத்தி நைட்டியில், கையில் கேசரிக் கிண்ணத்தோடு நின்றாள். கோயம்புத்தூர்க்காரி.

"ரொம்ப நாளா உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னு இருந்தேனுங்க."

"எதுக்கு?" என்றாள் விசாலாக்ஷி.

"உங்க ஃபயர்பிளேஸுக்குப் பின்னாடி எங்க பெட்ரூம் சுவருங்க. நீங்க எரிக்க ஆரம்பிச்சதுல இருந்து நாங்க ஹீட்டரே போடறதில்லீங்க. ஒண்ணே ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. கேஸைவிட விறகுதான் எங்களுக்கு நல்லா இருந்துச்சுங்க."