ரேடியேட்டருக்கு ஊற்றிய தேத்தண்ணி

எனக்கு மோட்டார் ஓட்டுவது கைவந்த கலை என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவன் நான். வண்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே எது என்னவென்று தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. (கேட்டால்தானே சொல்வதற்கு!)

1930களில் மலாயாவில், யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரைக்கு டிரைவராக இருந்தேன். அந்த வட்டாரத்துத் துரைமார் வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் பழைய கார்களை வரிசையாக ஜோகூர் பாருவுக்கு ஓட்டிப் போவார்கள். யாருடைய ஓட்டை வண்டி ஊர் போய்ச் சேரும் என்று இரண்டு துரைமார் போட்ட பந்தயத்தில் தொடங்கிய வழக்கமாம். முந்திப் போகக்கூடாது. முதல் பரிசும் கிடையாது. வண்டி தானாக ஓடிப் போய்ச் சேர்ந்தால் போதும். வழியில் படுத்துவிட்டால் மாட்டைப் பூட்டி, தகரம் தட்டிக்கொண்டே இழுத்து வருவார்கள்.

அந்த வருஷம் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஜோகூர் பாரு ரயில் நிலையத்தில் வேலை. "தம்பி, நீங்க வண்டியை நல்லபடியா கொண்டாந்து சேத்துட்டா அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லியிருந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவதாக ஏற்பாடு.

விடுவேனா? புறப்படும் முன் வண்டிக்குப் பூசை போட்டேன். வழியில் ரேடியேட்டருக்கு ஊற்ற டின்னில் வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றிக் கழுவி, பித்தளை விளக்குகளைத் தேய்த்து, முன்பக்கம் முழுக்க மறையும்படி தொடை கனத்தில் ஒரு செவ்வந்தி மாலை சாத்தினேன். ரேடியேட்டருக்கு அந்த வழியாகத்தான் காற்றுப் போக வேண்டும் என்று யார் கண்டது? துரை மாலையைப் பார்த்து, "ரொம்ப அழகு மேன்" என்றார். அந்த மனுஷருக்கும் என் அளவுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

முனகிக்கொண்டே வந்த வண்டி ஸ்கூடாய் அருகே புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. டின்னைத் தூக்கினேன். காலி! பின்னால் வந்த கார்க்காரர்கள் உற்சாகமாகத் தகரம் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். சாலையோரத் தேநீர்க் கடைக்கு ஓடினேன். (கடைக்காரர் தமிழ் முஸ்லிம்; அண்ணன் முறையில் எல்லாருக்கும் அவர் 'நானா'.)

"நானா, ஒரு வாளி தண்ணி குடுங்க, அவசரம்!"

"அலமாக், போச்சு போ! கெணறு வத்தி மூணு நாளாச்சு தம்பி. அண்டாவுல கொதிக்கிறதுதான் இருக்கு. அதுலயும் தூளைப் போட்டுட்டேனே."

"சீனி?"

"அதையும் போட்டுட்டேன்."

துரையின் முகத்தைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஊத்து மேன், ஊத்து" என்றார்.

ஊற்றினேன். வண்டி ஓடியது. தானாகவே ஓடித்தான் ஜோகூர் பாருவுக்குள் நுழைந்தது. பெண்ணின் அப்பா வெள்ளைக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக நின்றிருந்தார். பக்கத்தில் அவள். "என்னா தம்பி, தேத்தண்ணி வாசம் அடிக்குது?" என்று கிட்டே வந்து குனிந்தார்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வித்தையைக் காட்டுகிறேன் பேர்வழி என்று, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். அவ்வளவுதான். தேத்தண்ணி தென்னை உயரம் எழும்பி, அவர் தலைப்பாகையிலும் கோட்டிலும் என் தலையிலும் பொழிந்தது. (நல்லவேளை, இறங்கி வருவதற்குள் சூடு ஆறிவிட்டது.)

அவர் மீசையில் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்தார். "சீனி தூக்கல்" என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் கல்யாணம் அத்தோடு போயிற்று என்று மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். நான்காம் நாள் சம்மதம் என்று ஆள் வந்தது. காரணம் பல வருஷம் கழித்து, பிள்ளைகளுக்கு என் மனைவி சொன்னபோதுதான் தெரிந்தது.

"தாத்தா வேணவே வேணாம்னுதான் சொன்னாரு. இவரு தலையில தேயிலைத் தூளோட முழிச்சுக்கிட்டு நின்னாரா, எனக்குத்தான் பாவமா போச்சு."

இப்போதும் நான் எதையாவது பெருமையடிக்க ஆரம்பித்தால், பிள்ளைகள் அவள் பக்கம் திரும்பி, "அம்மா, இன்னும் பாவமா இருக்கா?" என்று கேட்பார்கள்.

"இருக்கே" என்பாள்.