அரளிப் பூவும் கணக்குப் பிரிவும்

இந்த வீட்டில் என் சொல் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். கல்யாணமான இருபது வருசத்தில் இது பதினோராவது முடிவு. மற்ற பத்தும் என்ன ஆயின என்று கேட்காதீர்கள்.

மகள் தமிழ்மதி பத்தாவது தேறிவிட்டாள். பதினொன்றில் கணக்குப் பிரிவுதான், அப்புறம் இன்ஜினியர்தான் என்று நிற்கிறாள். வடமதுரைப் பள்ளிக்கூடத்தில் நாளையோடு சேர்க்கை முடிகிறது. என் கையெழுத்து வேண்டும்.

“பொம்பளப் புள்ள மண்டையில கணக்கு ஏறாது” என்றேன்.

“ஒங்க மண்டையில ஏறுச்சாக்கும்?” என்றாள் என் மனைவி சொர்ணலட்சுமி. “தக்காளித் தோட்டத்துக்குக் குழாய் எம்புட்டு வேணும்னு மூணு நாளு அளந்தீங்க. நாலு பாத்திக்கு எட்டல. இவதான் ஒரு தாள்ல போட்டுச் சரியாச் சொன்னா.”

“பேச்ச விடு. ஆத்தாகிட்டப் பூக் கேப்போம். வெள்ள வந்தா கணக்கு. செவப்பு வந்தா படிச்சது போதும், வீட்டுல இருக்கட்டும்.”

“சரி” என்றாள். இவள் உடனே சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பொட்டலங்களை நானே கட்டினேன். உங்களிடம் மறைப்பானேன்? இரண்டிலும் சிவப்பு அரளி.

கோயிலில் பூசாரி முத்துச்சாமி இரண்டையும் குலுக்கி ஆத்தா காலடியில் போட்டார். தமிழ்மதி எடுக்கக் கை நீட்டினாள்.

“பூசாரிண்ணே, செத்த இருங்க” என்றாள் சொர்ணலட்சுமி. “செவப்பு வந்தா கணக்கு. வெள்ள வந்தா வீடு.”

“ஏய்! மாத்திப் பேசாதடி!”

“ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. எப்படிச் சொன்னாலும் பாதிக்குப் பாதிதான? ஒங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

“அதானப்பா, இருளப்பா! ஆத்தாளுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார் பூசாரி.

வாயைத் திறந்தால் பொட்டலத்தைத் திறக்க வேண்டும்.

தமிழ்மதி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. பூசாரி மணியடித்தார்.

மிச்சப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள் சொர்ணலட்சுமி. “பத்திரம்” என்று சொல்லிவிட்டு, பூசாரிக்குக் கேட்காமல் சொன்னாள்: “என்னய எட்டாவதோட நிப்பாட்ட எங்கப்பாவும் இப்படித்தான் பூக் கேட்டாரு. செவப்பு வந்துச்சு. எல்லாரும் போனப்புறம் மிச்சத்த நான் பிரிச்சுப் பாத்தேன். அன்னிக்கு எனக்கு வாய் இல்ல. இன்னிக்கு இருக்கு.”

பொட்டலத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

“நூத்துக்கு நூறு செவப்புதான்னு அம்மா வழியிலயே சொல்லிட்டாங்கப்பா” என்றாள் மகள். “நிகழ்தகவு. பத்தாவதுலயே இருக்கு.”

பூசைத் தட்டில் தேங்காய்க்கு அடியில் விண்ணப்பம் இருந்தது. பேனாவும் இருந்தது. கையெழுத்து எங்கே போடுவது என்று நான் தடுமாறுவேன் என்று தெரிந்து, மகள் பென்சிலால் புள்ளிகளும் வைத்திருந்தாள்.

போட்டேன். மூன்று இடத்தில்.