பதினான்கு மைலும் பிலோமி பேசவில்லை

சேசு மரி சூசை துணை

ஆனைக்கரை,
16 நவம்பர் 1957, சனிக்கிழமை.

மகா கனம் பொருந்திய மைத்துனர் ஏசுரத்தினம் அவர்கள் சமூகத்துக்கு, ஏலக்காய் எஸ்டேட் கம்பவுண்டர் சூசையப்பன் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் தங்கை பிலோமி, மகள் புஷ்பம், மாப்பிள்ளை, நாளை ஞானஸ்நானம் பெறப்போகும் பேத்தி ஆகிய ஐவரும் சுகம். என் கால்கள் இரண்டை மட்டும் இதில் சேர்க்கவில்லை. அவ்விடம் தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் தங்கள் இளைப்பு நோயும் எப்படி என்று அறிய ஆவல்.

நிற்க. ஒரு விஷயத்தைத் தங்களிடம்தான் கேட்டுத் தெளிய வேண்டும். பிலோமி மாதம் தவறாமல் தங்களுக்குக் கடிதம் போடுகிறாள். உடம்புக்கு ஏதாவது என்றோ, மனசில் ஏதாவது பாரம் என்றோ என்னிடம் சொல்லாமல் தங்களுக்கு எழுதியிருக்கிறாளா? ஏன் கேட்கிறேன் என்றால், நேற்று எங்கள் எஸ்டேட்டிலிருந்து இங்கே வரும் பதினான்கு மைல் மலைப்பாதையிலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கள் தங்கையைத் தங்களுக்குத் தெரியும். தூக்கத்தில்கூடப் பேச்சைப் பாதியில் நிறுத்தமாட்டாள்.

மழையில் ஜீப் ரோடு சரிந்துவிட்டதால் நடப்பது என்று முடிவு செய்தேன். மதுரையில் பட்டாளத்துச் சாமான் விற்கிற கடையில் போன வருஷம் நான் வாங்கிவந்த காக்கி முதுகுப்பைகள் இரண்டு இருந்தன. வாரைத் தோளில் மாட்டிவிட்டால் கை இரண்டும் சும்மா இருக்கும், அட்டை கடித்தால் பிடுங்கிப் போட வசதி. அவள் பையில் பேத்தியின் ஞானஸ்நான உடுப்பும் முறுக்கு டின்னும் புளிச்சோறும், என் பையில் மருந்துப் பெட்டியும் மாற்றுத் துணியும். காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். "பை கனமா இருக்கா?" என்றேன். பதில் இல்லை. கையில் செபமாலை உருண்டுகொண்டிருந்தது. சரி, முடியட்டும் என்று முன்னால் நடந்தேன். ஒரு செபமாலை எவ்வளவு நேரம் ஓடும் என்று எனக்குத் தெரியாதா? அது முடிந்து இன்னொன்றும் முடிகிற நேரம் ஆனபிறகும் பின்னால் சத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நவம்பர், உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம், செத்தவர்களுக்காக நேர்ந்துகொள்கிற மாதம். மௌனமாக நடந்துவருவதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள்!

ஆனாலும் நான் வைத்தியத் துறையைச் சேர்ந்தவன். சோதிக்காமல் எதையும் நம்பக்கூடாது. ஒரு பாறையில் உட்காரவைத்து "நாக்கை நீட்டு" என்றேன். நீட்டினாள். பழுதில்லை. தொண்டையில் வீக்கமில்லை. நாடி தொண்ணூறு. அந்த ஏற்றத்தில் எனக்கே நூறுக்கு மேல். ஆக உடம்பில் குற்றமில்லை, நேர்த்திக்கடன்தான் என்று முடிவு கட்டினேன். இருந்தாலும் எவ்வளவு உறுதியான நேர்த்தி என்று பார்க்க ஆசை வந்தது. கம்பம்மெட்டில் பாதை பிரிகிற இடத்தில், வேண்டுமென்றே கம்பத்துக்கு இறங்குகிற வழியில் விறுவிறுவென்று போனேன். தப்பான வழியில் நான் இரண்டு அடி வைத்தால் ஊரைக் கூட்டுகிறவள், வாயைத் திறக்கவில்லை. அரை மைல் இறங்கி, திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. பயந்துபோய் மூச்சிரைக்க ஏறி வந்தேன், காலில் ஏழு அட்டைகளோடு. அவள் அதே இடத்தில் கல்லில் உட்கார்ந்து புளிச்சோற்றில் தன் பங்கைச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

அடுத்த எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் காக்கிப் பைகளைக் கண்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு செடிகளுக்குள் மறைந்துவிட்டார்கள். அழகுத்தாய் என்கிற ஒருத்தி மட்டும் கத்தியோடு முன்னால் வந்து, "அம்மை குத்தவா வந்தீக? எங்க பிள்ளைகளுக்குப் போன மாசந்தான் குத்துனாக" என்றாள். இல்லையம்மா, இவள் மௌன நேர்த்தி, ஆனைக்கரை வரை நடக்கிறோம் என்று விளக்கினேன். விளக்கியிருக்கக் கூடாது. அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "ஆத்தா, எம் மகளுக்கு ஒரு வழி காட்டு" என்று பிலோமியின் காலில் விழுந்தாள். பிலோமி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் நெற்றியில் சிலுவை போட்டாள். பின்னால் கழுதையோடு வந்த சுமைக்காரன் மொக்கையன் இதைப் பார்த்துவிட்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டான். பிறகு கேட்க வேண்டுமா? கூலிக்காரர்கள் குடியிருக்கிற அடுத்த லயத்தில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். பல்வலி, பிள்ளையில்லாமை, கங்காணியின் கெடுபிடி என்று எல்லாவற்றையும் அவளிடம் முறையிட்டார்கள். அங்கே ஒரே ஒரு கம்பவுண்டர் மருந்துப் பெட்டியோடு நின்றதை யாரும் கவனிக்கவில்லை. காணிக்கையாக இரண்டு சீப்பு வாழைப்பழமும் ஒரு பூசணிக்காயும் வந்தன. பூசணிக்காய் என் பைக்குள் போனது.

அந்தப் பூசணிக்காயோடு கடைசி ஏற்றம் ஏறும்போது வேடிக்கை எல்லாம் போய், உள்ளபடியே பயம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய நேர்த்தி யாருக்காக? என் கைக்கும் கண்ணுக்கும் தட்டாத வியாதி ஏதாவது அவளுக்குள் இருக்கிறதா? எங்கள் வீட்டில் அவள் பேசுவாள், நான் உம் கொட்டுவேன், குடும்பம் ஓடும். நேற்று உம் கொட்ட ஆள் இருந்தும் பேச ஆள் இல்லை. அந்த அமைதி தாங்காமல் நானே பேச ஆரம்பித்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் பாவசங்கீர்த்தனம் மாதிரி ஆகிவிட்டது. அவள் தலைவலிக்குப் பத்து வருஷமாக நான் கொடுக்கிற சிவப்பு மருந்து வெறும் ஓமத் தண்ணீர் என்று சொன்னேன். நரி கொண்டுபோனது என்று அவளை நான் நம்பவைத்த எங்கள் வான்கோழியை உண்மையில் கொண்டுபோனவர் ஹெட்கிளார்க் என்று சொன்னேன். தங்களுக்கு அவள் எழுதிய ஒரு கடிதம் என் கோட்டுப் பையில் ஆறு மாதம் கிடந்ததைச் சொன்னேன். (தாங்கள் அந்த வருஷம் கோபித்துக்கொண்டது அதற்காகத்தான். மன்னிக்கவும்.) பிறகு எப்படியோ மூத்தவன் அந்தோணியிடம் பேச்சு வந்து நின்றது. அவன் மூன்று வயதில் காய்ச்சலில் போன அன்றைக்கு, "சர்வேசுரன் சித்தம்" என்று சொல்லிவிட்டு நான் டிஸ்பென்சரிக்குப் போய்விட்டேன். கல்நெஞ்சுக்காரன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நினைத்திருப்பாள். அங்கே மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அழுதேன். இருபத்து மூன்று வருஷம் கழித்து நேற்றுத்தான் அதை அவளிடம் சொன்னேன். பிலோமி நின்றாள். என் பையைத் திறந்து பூசணிக்காயை எடுத்துத் தன் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் பேசவில்லை.

நாலரை மணிக்குப் புஷ்பத்தின் வீட்டு வாசலில் கால் வைத்ததும், "ஏட்டி, பிள்ளைக்கு ஏன் குல்லா போடல?" என்று ஆரம்பித்தவள் விளக்கு வைக்கும்வரை நிறுத்தவில்லை. தனியாகக் கிடைத்தபோது, என்ன நேர்த்தி என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் உயிருக்கோ உடம்புக்கோ சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் எனக்குத் தெரிய வேண்டாமா? அவளில்லாமல் என்னால் ஒரு நாளும் ஓட்ட முடியாது. தயவுசெய்து அடுத்த தபாலிலேயே பதில் போடவும்.

தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் மாதாவின் அடைக்கலமும், தடையில்லாத மூச்சும், என் வைத்திய ஆலோசனை தேவைப்படாத வாழ்வும் அமைய வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
சூசையப்பன்.

பின்குறிப்பு: அண்ணனுக்கு பிலோமி எழுதுறது. ஒட்டித் தபால்ல போடுன்னு இவுக கடுதாசியக் குடுத்தாக. படிச்சிட்டேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. நேர்த்தியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காலையில இவுக மேல ஏதோ கோபம், அதான் வாய மூடிக்கிட்டு நடந்தேன். என்ன கோபம்னு கம்பம்மெட்டு வர்றதுக்குள்ள மறந்தே போச்சு. அதுக்குள்ள இவுக என்னைய அந்தச் சனங்ககிட்ட மாட்டிவிட்டுட்டாக. கும்பிட்டு நிக்கிறவுகள ஏமாத்திட்டேனேன்னு உறுத்துது, நாளைக்குச் சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன். கடைசி ஏத்தத்துல பேசிரலாம்னுதான் வாயத் தெறந்தேன். இவுக பேச ஆரம்பிச்சிட்டாக. அண்ணே, கல்யாணமாகி இருவத்தேழு வருசத்துல "சோறு போடு, மாத்திரை முழுங்கு"ன்னு சொல்றதுக்கு மேல இவுக பேசி நான் கேட்டதில்ல. நான் ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திருவாகளோன்னு பயமா இருந்துச்சு. அந்தோணியப் பத்திச் சொன்னப்ப வாய்விட்டு அழணும்போல இருந்துச்சு, பல்லக் கடிச்சிக்கிட்டு வந்தேன். நீங்க அவுகளுக்கு, நேர்த்திதான், அதுக்கு மேல கேக்கக்கூடாதுன்னு மட்டும் எழுதுங்க. திங்கக்கிழமை திரும்பி நடக்கிறோம். இன்னும் பதினாலு மைல் இருக்கு.