வசவு டாக்டரம்மா வாய் மூடிய நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் வசவு டாக்டரம்மாவிடம் திட்டு வாங்காத உயிரே கிடையாது. வழியை மறித்ததற்காகக் கோயில் யானையே வாங்கியிருக்கிறது. ஆபரேஷன் அறையில் விளக்குப் பிடிக்கும் நர்ஸ் நான், தினமும் வாங்கினேன்.

வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுப்பதில் டாக்டரம்மா மகா கெட்டிக்காரி. முக்காலியில் குனிந்து உட்கார்ந்தால் கையும் வாயும் சேர்ந்தே ஓடும்.

"விளக்க எங்கடி காட்டுற? ஆபரேஷன் என் மூஞ்சிக்கா?"

சத்தம் ஜன்னலைத் தாண்டும். வெளியே காத்திருக்கும் புருஷன்மார்கள், "திட்டிக்கினு இருக்காங்கபா, நல்லாத்தான் போவுது" என்று டீ குடிக்கப் போவார்கள்.

அன்று மேஜையில் கிடந்த தனபாக்கியம், கர்ப்பப்பை இறங்கித் தறியில் உட்கார முடியாமல் வந்தவள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தோம். ஆள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டரம்மா மூத்திரப்பையைப் பக்குவமாக மேலே ஒதுக்கி, ஒரு பக்கத்து ரத்தக்குழாயைக் கட்டிவிட்டார். மறுபக்கம் கட்டி, குழாயைக் கவ்வியிருந்த கிளாம்பைத் தளர்த்தியதும் முடிச்சு நழுவியது. குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. ரத்தம் குபுகுபுவென்று வந்தது.

டாக்டரம்மாவின் வாய் நின்றது.

துணியை வைத்து அழுத்துகிறார், எடுக்கிறார், குழாய் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கிளாம்பைப் போட்டால் பக்கத்திலிருக்கும் மூத்திரக்குழாய் மாட்டிக்கொள்ளும். தனபாக்கியத்தின் புருஷன் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"இன்னாமா ஆச்சு? ஏம்மா சத்தமே காணோம்?"

மேஜையிலிருந்து ஈனக்குரல் வந்தது. "டாக்டரம்மா, நான் செத்துப் பூட்டனா?"

"வாய மூடுடி! செத்தவ பேசுவாளா?" என்று இரைந்தவர், என் பக்கம், "விளக்கக் கீழ எறக்கு!" என்றார்.

இறக்கினேன். குழாயின் நுனி தெரிந்தது. பிடித்துவிட்டார். இரண்டு கட்டாகக் கட்டி, ரத்தம் நின்றதைப் பார்த்தபிறகு என்னை, நூலை, ஜன்னலில் நின்ற மனுஷனை எல்லாம் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"திட்டிட்டாங்கபா! திட்டிட்டாங்க!" என்று வெளியே அந்த மனுஷன் அழுதார்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "நீ போய்ச் சாப்பிடும்மா. மொகமே வெளிறிக் கெடக்கு."

எனக்கு உயிரே போய்விட்டது. "டாக்டர், அவளுக்கு மறுபடியும் ஏதாவது..."

"நல்லாத்தான் இருக்கா."

"அப்புறம் ஏன் இப்படிப் பேசறீங்க? திட்டிடுங்க டாக்டர்!" அழுதேவிட்டேன்.

ஈரக் கையால் என் கையைப் பிடித்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் நிற்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு, என்னை ஆசைதீரத் திட்டினார்.